கடவுளை எந்தச் சொல்லால் கூப்பிடுவது? அச்சுக்கடையில் அடிக்கடி கேட்ட கேள்விகள்

புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகிற வழியில் எங்கள் அச்சுக்கடை. கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், அந்தோனியார் திருவிழா நோட்டீஸ், பள்ளிவாசலின் நோன்பு நேர அட்டவணை, பாஸ்டர்மாரின் ஜெபக்கூட்ட விளம்பரம் எல்லாம் ஒரே கணினியில்தான் தயாராகின்றன. புரூஃப் பார்க்க வருகிறவர்கள் தங்களுடையதோடு நிறுத்த மாட்டார்கள். மேசையில் கிடக்கும் மற்றவருடைய நோட்டீஸையும் வாசிப்பார்கள். வாசித்தவுடன் ஒரு சந்தேகம் வரும், அதை என்னிடம்தான் கேட்பார்கள்.

நான் கத்தோலிக்கன். முதலாளி முஸ்லிம், ஹாஜியார். நான் இறையியல் படித்தவன் இல்லை, எழுத்துக் கோக்கிறவன். சொற்களோடு வருடக்கணக்காகக் கிடந்ததில் சிலது தெரியவந்தது, மிச்சத்தைத் தேடிப் படித்தேன். அடிக்கடி வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

"அல்லாஹ்" என்றால் முஸ்லிம்களின் கடவுளுக்குப் பெயர்தானே? எங்கட ஆண்டவர் வேற ஆள்தானே?

வேறு ஆளா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் சொல். அரபில் 'இலாஹ்' என்றால் வணங்கப்படுவது. அதன் முன்னால் 'அல்' சேர்ந்தால் குறிப்பிட்ட அந்த ஒருவன். இரண்டும் சேர்ந்து இறுகியதுதான் 'அல்லாஹ்' என்பது இலக்கணக்காரர் பலருடைய கருத்து. அது எந்தச் சொல்லிலிருந்தும் பிறக்காத தனிப்பெயர் என்று சொல்லும் இஸ்லாமிய அறிஞர்களும் உண்டு. இந்த இரண்டு கருத்தையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மலேசியாக் கதைக்குத் தேவைப்படும்.

சொல் இஸ்லாத்துக்கு முந்தியது. நபிகள் நாயகத்தின் தகப்பனார் பெயரே அப்துல்லாஹ், 'அல்லாஹ்வின் அடிமை'. மகன் பிறக்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். எபிரேயத்தில் எலோவா, எலோஹிம் என்கிறார்கள், அரமேயத்தில் அலாஹா. மாற்கு நற்செய்தியில் இயேசு சிலுவையில் "எலோயி, எலோயி" என்று கதறுகிறாரே, அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான்.

அப்போ அரபு நாட்டுக் கிறிஸ்தவர்கள் கோயிலில் என்ன சொல்றாங்க?

அல்லாஹ் என்றுதான். எகிப்திலும் லெபனானிலும் சிரியாவிலும் அரபு வேதாகமத்தின் முதல் வசனத்தில் வானத்தையும் பூமியையும் படைத்தவர் அல்லாஹ். பிதாவாகிய கடவுளுக்கு 'அல்லாஹ் அல்ஆப்'. மோல்டா தீவு பெரும்பாலும் கத்தோலிக்கம், அங்கேயும் கடவுளுக்கு 'அல்லா' என்றே பெயர்.

ஜிந்துப்பிட்டிப் பக்கத்தில் ஒரு அக்கா, பெய்ரூத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். அங்கே முதல் ஞாயிறு எஜமானியம்மாவோடு பூசைக்குப் போனாராம். "பீடத்தில மாதா, பக்கத்தில சிலுவை, ஆனா சாமியார் வாயைத் திறந்தா அல்லா, யா ரப்பு. நான் வேற எங்கயோ வந்திட்டனோ எண்டு வாசலைத் திரும்பிப் பாத்தன்" என்றார். மூன்றாம் மாதம் அவரும் அப்படியே செபம் சொல்லப் பழகிவிட்டாராம். இப்போதும் கை தவறி ஏதாவது விழுந்தால் 'யா அல்லாஹ்'தான் முதலில் வருகிறது.

அல்லேலூயாவில் "அல்லா" இருக்குதே?

இல்லை. எபிரேயத்தில் 'ஹல்லேலு' என்றால் புகழுங்கள், 'யா' என்பது யாவே என்ற கடவுள் பெயரின் சுருக்கம். தமிழில் எழுதும்போது முன்னாலிருந்த 'ஹ' விழுந்துவிட்டதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையிலேயே இருவருக்கும் பொதுவான சொல் வேண்டுமென்றால் 'ஆமென்'தான். முஸ்லிம்கள் ஆமீன் என்பார்கள்.

அல்லாஹ் என்பது பழைய அரேபியாவின் சந்திர தெய்வம் என்று யூடியூபில் ஒரு பிரசங்கியார் சொன்னாரே?

சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆதாரம் இல்லை. குர்ஆனிலேயே 41ஆம் அத்தியாயம் 37ஆம் வசனம் சூரியனுக்கும் சந்திரனுக்கும் சிரம் பணியாதீர்கள் என்கிறது. பள்ளிவாசல்களில் காணும் பிறை, உதுமானியர்களின் அடையாளமாக இருந்து பரவியது. பெரிய பள்ளிவாசலில் கூடிப் பிறை பார்த்த செய்தியை அறிவிப்பது மாதத்தைக் கணக்கிடத்தான். நாங்கள் ஈஸ்டர் ஞாயிறுக்கு நாள் குறிப்பதும் பௌர்ணமியை வைத்துத்தான், அதற்காக எங்களை யாரும் சந்திரனைக் கும்பிடுகிறவர்கள் என்பதில்லை.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஏன் இத்தனை பெயர்? தேவன், கடவுள், ஆண்டவர், கர்த்தர், பிறகு அம்மம்மா சொன்ன சர்வேசுரன்...

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தமிழில் அச்சான முதல் புத்தகங்களில் ஒன்று 1578இல் கொல்லத்தில் வெளியான பதினாறு பக்க 'தம்பிரான் வணக்கம்'. அதில் கடவுள் 'தம்பிரான்'. சைவ மடத்துத் துறவிகளுக்கு இன்றும் அதுதான் பட்டம். அப்புறம் வந்த கத்தோலிக்கக் குருமார் 'சர்வேசுரன்' என்றார்கள். ஈசுவரன் யாருடைய பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. தரங்கம்பாடியில் 1714, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட லுத்தரன் பாதிரியார் சீகன்பால்குவும் அதையே எடுத்துக்கொண்டார். அதே நூற்றாண்டில் பப்ரிசியஸ் வந்து, அது வேண்டாம், 'பராபரன்' என்று மாற்றினார். லுத்தரன் சபையார் அந்தச் சொல்லை வெகுகாலம் விடவில்லை. 1871இல் வந்த, இன்றும் புரொட்டஸ்தாந்து வீடுகளில் புழங்கும் மொழிபெயர்ப்பில் 'தேவன்', 'கர்த்தர்'. 1995இல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்', 'ஆண்டவர்'.

எல்லாமே இரவல் சொற்கள், அதுவும் பெரும்பாலும் சைவத்திலிருந்து. என் அம்மம்மா ஜெபமாலையில் "சர்வேசுரனுடைய மாதாவே" என்று சொல்லியே செத்துப்போனார். எங்களுக்கு அது "இறைவனின் தாயே" ஆகிவிட்டது. சொல் மாறியதற்காக வேறு ஒருவரிடம் மன்றாடுகிறோம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

பராபரத்தின் கதை இன்னும் விசேஷம். தாயுமானவர் பாடியது பராபரக்கண்ணி. தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு என்ற முஸ்லிம் ஞானியும் பராபரக்கண்ணி பாடினார். நடுவில் பப்ரிசியஸின் வேதாகமத்தில் பராபரன். ஒரு சைவர், ஒரு முஸ்லிம், ஒரு ஜெர்மன் பாதிரியார், மூன்று பேரும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளியில் ஒரே சொல்லைப் பிடித்திருக்கிறார்கள். சொல் எங்களுடையது என்று யாரும் வழக்குப் போடவில்லை.

முஸ்லிம்கள் "கடவுள்" என்று சொல்லலாமா? மௌலவி கூடாது என்கிறாரே?

மார்க்கத் தீர்ப்பை மௌலவியிடமே கேளுங்கள். புழக்கத்தில் உள்ளதை மட்டும் நான் சொல்லுகிறேன். எங்கள் கடைக்கு வரும் முஸ்லிம் நோட்டீஸ்களில் 'இறைவன்', 'படைத்தவன்', 'நாயன்', 'ஆண்டவன்' எல்லாம் தாராளமாக வரும், 'கடவுள்' அருமையாகத்தான் வரும். இஸ்லாத்தின் நம்பிக்கை வாசகமான கலிமாவைத் தமிழில் எழுதும்போது 'வணக்கத்துக்குரிய நாயன் அல்லாஹ்வைத் தவிர வேறில்லை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த 'நாயன்' அறுபத்துமூன்று நாயன்மாரின் நாயன்தான். உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் முதல் பாட்டிலேயே இறைவனைக் 'கருத்தன்' என்கிறார். கிறிஸ்தவர்களின் 'கர்த்தர்' அதற்கு உடன்பிறப்பு.

தொழுகை, நோன்பு, பள்ளி எல்லாமே இஸ்லாம் வருவதற்கு முன்பே தமிழில் இருந்த சொற்கள். பள்ளி என்றால் அப்போது சமண, பௌத்தத் துறவிகள் இருந்த இடம். நாங்கள் சேர்ச்சை 'கோயில்' என்கிறோம். வேதம் என்ற சொல்லோ மூன்று பேருக்கும் பொது: சைவர்களுக்கு நான்மறை, முஸ்லிம்களுக்குத் தவ்ராத், ஸபூர், இன்ஜீல், குர்ஆன் என்ற நான்கு, எங்களுக்கு வேதாகமம். சில ஊர்களில் கிறிஸ்தவர்களுக்கே 'வேதக்காரர்' என்றுதான் பெயர்.

அவங்க ஏன் கடவுளை "அவன்", "சொன்னான்" என்று மரியாதை இல்லாமல் எழுதுறாங்க?

கிறிஸ்தவர்கள் மிக அதிகமாகக் கேட்பது இதுதான். நானே இதில் சூடுபட்டவன். ஆரம்ப காலத்தில் ஒரு பள்ளிவாசல் நோட்டீஸில் "அல்லாஹ் கூறுகிறான்" என்றிருந்ததைப் பிழை என்று நினைத்து, நல்லெண்ணத்தில், "கூறுகிறார்" என்று திருத்திவிட்டேன். ஐந்நூறு பிரதி அடித்தாயிற்று. ஹாஜியார் ஒன்றைக் கையில் எடுத்து வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார், கட்டைக் கொண்டுபோய்க் கழிவுக் கடதாசியில் போட்டார். சம்பளத்தில் பிடிக்கவில்லை, ஆனால் அன்று மத்தியானம் அவர் என்னோடு பேசவும் இல்லை.

மறுநாள் விளங்கப்படுத்தினார். தமிழில் 'ஆர்' என்ற விகுதி மரியாதைக்கும் வரும், பன்மையாகவும் காதில் விழும். அல்லாஹ் ஒருவன், அவனுக்கு இணையோ துணையோ இல்லை. அந்த ஒருமையில் ஒரு மயிரிழை சந்தேகம்கூட வரக்கூடாது என்பதற்காகத்தான் 'ஆன்'. அதே நோட்டீஸின் அடுத்த வரியில் "நபியவர்கள் கூறினார்கள்" என்றிருக்கும். மனிதருக்கு மரியாதைப் பன்மை, படைத்தவனுக்கு ஒருமை. யோசித்துப் பார்த்தால் சைவர்களும் "முருகன் காப்பாத்துவான்" என்றுதானே சொல்லுகிறார்கள். நெருங்கியவரிடம் மரியாதை விகுதி நிற்காது.

கிறிஸ்தவத் தமிழ் வேறு வழியில் போனது. பழைய வேதாகமத்தில் பெயர் 'தேவன்' என்று னகரத்தில் முடியும், வினை 'சிருஷ்டித்தார்' என்று ரகரத்தில் முடியும். வேறு யாரையும் அப்படி எழுதினால் தமிழ் வாத்தியார் சிவப்பு மையால் வட்டம் போடுவார். கூப்பிடும்போது 'நீ'யும் இல்லை, 'நீங்கள்' என்பதும் இல்லை, இடையில் 'நீர்'. அந்தச் சொல்லை இன்று கொழும்பில் கடவுளைத் தவிர வேறு யாரிடம் பாவிக்கிறோம்?

குர்ஆனில் அல்லாஹ் "நாம்" என்று பேசுகிறானே, அது பன்மை இல்லையா?

அரபில் அது மாட்சிமைப் பன்மை என்கிறார்கள், அரசர்கள் தங்களை 'நாம்' என்று சொல்லுவதைப் போல. இதைக் கேட்கும் கிறிஸ்தவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எபிரேய வேதத்தின் 'எலோஹிம்' வடிவத்தில் பன்மை, வினை ஒருமை. இலக்கணத்தை வைத்து ஒருவரை ஒருவர் மடக்கப் போனால் இருவருக்கும் கால் வழுக்கும்.

மலேசியாவில் இந்தச் சொல்லுக்காகக் கோட்டு வரை போனார்களாமே, என்ன நடந்தது?

மலாய் மொழியில் கிறிஸ்தவர்கள் கடவுளை அல்லாஹ் என்று எழுதுவது இன்று நேற்று வந்ததில்லை. 1629இல் ஹொலாந்தில் அச்சான மலாய் மத்தேயு நற்செய்தியிலேயே அது இருக்கிறது. மொழிபெயர்த்த ரைல், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரி. அந்தக் கம்பெனிதான் பின்னர் நம்முடைய கொழும்பையும் பிடித்து, ஆமர் வீதிப் பக்கம் வுல்பெண்டால் தேவாலயத்தைக் கட்டி, 1759இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை இங்கே அச்சிட்டது.

மலேசியாவில் 1986இல் உள்நாட்டு அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது: அல்லாஹ், கஅபா, பைத்துல்லாஹ், ஸொலாத் என்ற நான்கு சொற்களையும் கிறிஸ்தவ வெளியீடுகளில் பாவிக்கக் கூடாது. கத்தோலிக்க வார இதழான 'ஹெரால்ட்' இதை எதிர்த்து வழக்குப் போட்டது. அந்த இதழ் அப்போது ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்தது. தமிழ்ப் பக்கத்தால் யாருக்கும் தலைவலி இல்லை, தகராறு முழுவதும் மலாய்ப் பக்கத்தில்தான். 2009 டிசம்பர் 31ஆம் திகதி உயர் நீதிமன்றம் இதழுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே தேவாலயங்கள் தாக்கப்பட்டன, கோலாலம்பூரில் ஒன்று எரிந்தது. 2013 ஒக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தச் சொல் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு இன்றியமையாத பகுதி அல்ல என்று சொல்லித் தீர்ப்பை மாற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அதற்கு மேல் முறையிட அனுமதி மறுத்தது. அந்த வருடத் தொடக்கத்தில் வேதாகமச் சங்கத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட வேதாகமங்கள் பறிமுதலாகின.

இன்னொரு வழக்கு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சரவாக் பழங்குடிப் பெண் ஜில் ஐயர்லாந்திடமிருந்து 2008இல் விமான நிலையத்தில் எட்டு சீடிக்களைப் பறித்தார்கள், தலைப்பில் அந்தச் சொல் இருந்தது என்பதற்காக. பதின்மூன்று வருடம் கழித்து, 2021 மார்ச் 10ஆம் திகதி, அந்த 1986 உத்தரவே சட்டப்படி செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்தது, 2023இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

வேற சொல்லைப் போட்டுவிட்டுப் போனால் என்ன? மலாயில் "துஹான்" இருக்குதே?

துஹான் 'ஆண்டவர்' என்ற இடத்துக்குப் போய்விட்டது, 'கடவுள்' என்ற இடத்தில் அல்லாஹ். ஆண்டவராகிய கடவுள் என்று வரும் இடமெல்லாம் துஹான் அல்லாஹ். இரண்டாவதை எடுத்தால் 'ஆண்டவராகிய ஆண்டவர்' என்று ஆகும். தமிழ் வேதாகமத்தில் 'தேவன்' என்ற சொல்லை நாளைக்கே தடை செய்து, எல்லா இடத்திலும் 'கர்த்தர்' போடுங்கள் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், மலேசியக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் சபா, சரவாக் பழங்குடி மக்கள். மலாயில்தான் செபிக்கிறார்கள். தாய் சொல்லித்தந்த சொல்லை விடு என்று ஒரு சுற்றறிக்கை சொன்னால் என் அம்மம்மாவாக இருந்தால் அதைக் கிழித்து அடுப்பில் வைத்திருப்பார்.

அப்படியென்றால் மலாய் முஸ்லிம்களின் பயத்தில் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. மலேசிய அரசியலமைப்பின்படி மலாய்க்காரர் என்றால் முஸ்லிம். முஸ்லிம்களிடையே மற்றச் சமயங்களைப் பரப்புவதை மாநிலங்கள் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்றும் அதில் இருக்கிறது. அல்லாஹ் என்பது தனிப்பெயர், பொதுப்பெயர் இல்லை என்று நம்பிப் பிள்ளைக்குக் கலிமா சொல்லிக்கொடுத்த ஒரு தகப்பனுக்கு, அந்தப் பெயரோடு 'குமாரன்' சேர்ந்து அச்சில் வருவது எப்படி இருக்கும்? குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் நான்கே வசனம், அவன் பெறவுமில்லை பெறப்படவுமில்லை என்று சொல்லும். சின்னப்பிள்ளைக்கும் மனப்பாடம். முதல் பதிலில் சொன்ன இரண்டு கருத்தும் இங்கேதான் முட்டுகின்றன.

ஆனால் பயம் நியாயமாக இருப்பதால் தடையும் நியாயம் என்று நான் நினைக்கவில்லை. சொல்லை அரசு பூட்டி வைக்கத் தொடங்கினால் சாவி எப்போதும் பெரும்பான்மையிடம்தான் இருக்கும். இந்த நாட்டில் இருந்துகொண்டு அதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குர்ஆனின் 22ஆம் அத்தியாயம் 40ஆம் வசனமும் ஆச்சிரமங்களிலும் தேவாலயங்களிலும் யூத ஆலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் இறைவனின் பெயர் நினைவுகூரப்படுவதைச் சொல்லுகிறது என்று ஹாஜியார் எனக்கு எடுத்துக்காட்டினார்.

அந்தச் சண்டை இங்கே கொழும்புக்கும் வருமா? கொம்பனித்தெருவில் மலாய்க்காரர் இருக்காங்களே?

அப்படியே வராது. இங்கே மலாய்க்காரர் முஸ்லிம்கள், மலாயில் செபிக்கும் கிறிஸ்தவச் சமூகம் இல்லை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் அல்லாஹ் என்று எழுதுவதும் இல்லை. இங்கே தகராறு வருவது வேறு வாசலால், அது அடுத்த கேள்வியில்.

பிள்ளைக்கு ஸ்கூல் வாசலில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருக்காங்க. அட்டையில் "ஈஸா அல்மஸீஹ்", பிறை, பச்சை நிறம். உள்ளே வேற. இது ஏமாற்று இல்லையா?

ஒரு உம்மா இதைக் கையிலேயே கொண்டுவந்து, "இது நீங்க அடிச்சதா?" என்று கேட்டார். நாங்கள் அடித்ததில்லை. அச்சகத்தின் பெயரே அதில் இல்லை.

ஈஸா என்பது முஸ்லிம்கள் சொல்லும் பெயர். அரபுக் கிறிஸ்தவர்கள்கூடப் பொதுவாக 'யசூஃ' என்பார்கள். ஆகவே 'அல்லாஹ்' விஷயத்தில் சொன்ன நியாயம் இங்கே பொருந்தாது. அது ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் செபித்த சொல், இது இன்னொருவரின் வாசலில் நுழையப் போட்ட சட்டை. முஸ்லிம் நண்பரோடு பேசும்போது 'ஈஸா நபியை நாங்கள் இப்படி நம்புகிறோம்' என்று சொல்வதில் ஒரு குற்றமும் இல்லை, அது மரியாதை. அட்டையில் யார் வெளியிட்டது என்பதை மறைத்துப் பிள்ளையின் பையில் போடுவது மரியாதை இல்லை. கத்தோலிக்கனாக எனக்கு வெட்கமாக இருந்தது. கிறிஸ்தவர்கள் ஞானஸ்நானம் என்பதற்குப் பதிலாக உள்ளே என்ன சொல் போட்டிருந்தார்கள் என்று பார்த்தேன், 'பரிசுத்தக் குளிப்பு'. சிரிப்பும் வந்தது.

வேதாகமத்திலேயே "தேவகுமாரன்" என்பதை முஸ்லிம்களுக்காக மாற்றினார்களாமே?

சில மொழிகளில் அப்படி முயன்றார்கள், அதனால் 2012 அளவில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை வந்தது. மகன் என்ற சொல்லைக் கேட்டவுடன் முஸ்லிம் வாசகருக்கு உடல் உறவால் பிறந்த பிள்ளை என்று தோன்றுகிறது, அதைத் தவிர்க்க வேறு சொல் வைக்கலாம் என்பது ஒரு தரப்பு. அதை எடுத்தால் நற்செய்தியே கரைந்துபோகும் என்பது மறுதரப்பு. வைக்ளிஃப் என்ற வேதாகம மொழிபெயர்ப்பு நிறுவனத்தார் விஷயத்தை உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தார்கள். 2013இல் அது அமர்த்திய குழு, தந்தை, மகன் என்ற சொற்களை அந்தந்த மொழியின் நேரான குடும்பச் சொற்களாலேயே மொழிபெயர்க்க வேண்டும், விளக்கம் தேவையென்றால் அடிக்குறிப்பில் கொடுக்கலாம் என்ற பக்கம் நின்றது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பிடிக்காதவருக்கும் உள்ளதை உள்ளபடி காட்டுவதுதான் நேர்மை.

சுத்தி வளைக்காமல் சொல்லுங்க: இரண்டு பேரும் கும்பிடுவது ஒரே கடவுளையா?

1965 ஒக்டோபர் 28ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, முஸ்லிம்கள் ஒரே கடவுளை, வானத்தையும் பூமியையும் படைத்தவரை வழிபடுகிறார்கள் என்று சொல்லி அவர்களை மதிப்போடு நோக்குகிறது. குர்ஆனின் 29ஆம் அத்தியாயம் 46ஆம் வசனம் வேதக்காரர்களிடம் எங்கள் இறைவனும் உங்கள் இறைவனும் ஒருவனே என்று சொல்லச் சொல்கிறது. ஆகவே நான் என் பூசைப் புத்தகத்தை மூடாமலே 'ஆம்' என்று சொல்லலாம்.

எல்லாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் வீட்டன் என்ற இவாஞ்சலிக்கல் கல்லூரியில் ஒரு பேராசிரியை 2015இல் இதையே சொன்னார், விடுப்பில் அனுப்பினார்கள், கடைசியில் கல்லூரியை விட்டே போக வேண்டிவந்தது. திரித்துவம் (தந்தை, மகன், தூய ஆவி என்று மூவராய் இருக்கும் ஒரே கடவுள்) இல்லாமல் கடவுளே இல்லை என்பது அவர்கள் பக்க நியாயம். ஹாஜியாரும் நானும் இதில் ஒருநாளும் ஒத்துப்போகப் போவதில்லை. இயேசு யார் என்ற இடத்தில் இரண்டு பேரும் பிரிந்துவிடுகிறோம், அது சின்னப் பிரிவும் இல்லை. ஆனால் யாரைப் பற்றி வாதாடுகிறோம் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

2019க்குப் பிறகு "அல்லாஹு அக்பர்" என்று கேட்டால் உடம்பு நடுங்குது. அது பாவமா?

இதைக் கேட்டவர் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் அந்த ஈஸ்டர் ஞாயிறு, ஏப்ரல் 21ஆம் திகதி, சொந்தத்தை இழந்தவர். நடுக்கம் பாவமில்லை. காதுக்கு யாரும் கட்டளை போட முடியாது. மூன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றவர்கள் அந்தச் சொல்லையும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதைச் சொல்லித் தொழுகிற லட்சக்கணக்கான பேரிடமிருந்தும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வாரம் ஹாஜியார் கடைக்குள் இருந்துகொண்டு, தொழும்போதுகூட உதட்டை மட்டும் அசைத்ததை நான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் மெழுகுதிரி கொளுத்த வரும் கூட்டத்தில் எல்லாச் சமயத்தாரும் முன்பும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அதற்கு மேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கட வீட்டில் இரண்டு சமயமும் இருக்கு. கார்டிலோ மரண அறிவித்தலிலோ எந்தச் சொல் போடுவது?

கல்யாணக் கார்டுக்கு 'இறைவன் அருளால்' போதும், இதுவரை யாரும் மறுத்ததில்லை. மரண அறிவித்தல்தான் கஷ்டம். முஸ்லிம் வீட்டில் 'வஃபாத்தானார்', கிறிஸ்தவ வீட்டில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. இரண்டும் ஒரே கடதாசியில் நிற்காது.

கொஞ்சக் காலத்துக்கு முன் ஒரு தம்பியும் அக்காவும் தாயின் படத்தோடு வந்தார்கள். தம்பி கல்யாணத்தோடு இஸ்லாத்துக்குப் போனவர். நான் 'இறைவனிடம் மீண்டார்' என்று தட்டிக் காட்டினேன். அவனிடமே மீள்கிறோம் என்று குர்ஆனிலும் வருகிறதே என்று தம்பிக்குப் பிடித்தது. அக்கா திரையை உற்றுப்பார்த்து, "மீண்டார் எண்டா உயிர்த்தெழுந்தார் மாதிரி இருக்கே அண்ணா, அம்மா பாவம்" என்றார். தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது. 'மீண்டார்' என்பதை அழித்துச் 'சேர்ந்தார்' என்று போட்டேன். சிலுவையும் வேண்டாம் பிறையும் வேண்டாம், ஓரத்தில் கறுப்புக் கோடு மட்டும் போதும் என்றார்கள். நூற்றைம்பது பிரதி, பின்னேரத்துக்குள் வேண்டுமென்று கேட்டார்கள், நாலரைக்குக் கொடுத்தோம்.